16 மணித்தியால விரதமும் முடக்குவாதக் குளிசைகளும்

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 47 வயது, கொக்குவிலில் இருக்கிறேன். ஐந்து வருடமாக முடக்குவாதம். ஞாயிறு தோறும் மெதொட்ரெக்சேட் 15 மி.கி., தினமும் காலையில் பிரெட்னிசொலோன் 5 மி.கி., இரவில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின், நோ கூடினால் டைக்குளோபினாக். நிறை 78 கிலோ இருந்தது. நோர்வேயில் இருக்கும் தங்கை சொன்னதைக் கேட்டு மூன்று கிழமையாக இரவு 8 மணிக்குச் சாப்பிட்டால் அடுத்த நாள் மத்தியானம் 12 மணிக்குத்தான் சாப்பாடு. காலைக் குளிசையை வெறும் பிளேன்ரீயோடு போடுகிறேன். 2 கிலோ குறைந்துவிட்டது, ஆனால் நெஞ்சு எரிகிறது. விரதத்தை விடவா? கந்தசஷ்டியும் பிடிப்பது வழக்கம். சலரோகம், பிரஷர் இல்லை.

பதில்: விடத் தேவையில்லை, நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். நீங்கள் காலைச் சாப்பாட்டை விட்டிருக்கிறீர்கள். விட்டிருக்க வேண்டியது இரவுச் சாப்பாட்டை.

பிரெட்னிசொலோன் ஒரு ஸ்டீரொய்டு. அதைக் காலையில் தருவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொய்டும் விடியும் நேரத்தில்தான் கூடும். பிந்திப் போட்டால் நித்திரையும் குழம்பும். அதை வெறுவயிற்றில் போட்டு, அதே காலையில் டைக்குளோபினாக்கும் போட்டால் இரைப்பை புண்ணாகாமல் என்ன செய்யும்? இரண்டும் சேர்வதே ஆபத்து. டைக்குளோபினாக்கை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, நெஞ்செரிவைக் கிளினிக்கில் சொல்லுங்கள். ஒமிப்பிரசோல் போன்ற ஒன்றைத் தருவார்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எரிகிறதே என்று பிரெட்னிசொலோனை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்காகப் போடும்போது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி தன் வேலையை மறந்து படுத்துவிடும். திடீரென்று விட்டால் தலைசுற்று, வாந்தி, மயக்கம் வரை போகும்.

மெதொட்ரெக்சேட் வேறு கதை. அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. நம்முடைய சித்திரை வெயிலில் தண்ணீரும் குறைவு, டைக்குளோபினாக்கும் உள்ளே என்றால் அது உடம்பிலேயே தங்கிவிடும். வாயில் புண், தொண்டை நோ, காய்ச்சல் என்றால் அடுத்த டோஸைப் போடாமல் வைத்தியரிடம் போக வேண்டும். உணவு இல்லாத நேரத்திலும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவே வேண்டும். ஞாயிறு பின்னேரக் கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். திங்கள் காலையில் வயிறு பிரட்டினால் அன்று விரதம் வேண்டாம். 15 மி.கி. என்றால் 2.5 மி.கி. குளிசை ஆறு. 10 மி.கி. குளிசையும் இருக்கிறபடியால் புதுப் பெட்டி வாங்கும்போது மேலே உள்ள எண்ணைப் பாருங்கள். கிழமைக்கு ஒரு நாள்தான்; தினமும் போட்டு உயிராபத்தானவர்கள் இருக்கிறார்கள். மெதொட்ரெக்சேட்டோடு சேர்த்துத் தரும் போலிக் அமிலம் என்ற விற்றமின் பற்றி நீங்கள் எழுதவில்லை. கிளினிக் கொப்பியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். காலை 8 மணிக்கு முதல் சாப்பாடு, பின்னேரம் 6 மணிக்குக் கடைசி. இடையில் 14 மணித்தியாலம் வயிற்றுக்கு ஓய்வு. ஹைட்ரொக்சிகுளோரோகுயினை அந்த 6 மணிச் சாப்பாட்டோடு போட்டுவிடுங்கள், அதற்கும் உணவு வேண்டும். 16 மணித்தியாலம் வேண்டும் என்ற பிடிவாதத்தை விடலாம். 2022இல் சீனாவில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரே அளவு கலோரி குறைத்துச் சாப்பிட்டவர்களில், நேரம் வைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நிறை குறைந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, கடிகாரத்தை விடத் தட்டுதான் முக்கியம். ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கொறிக்கும் மிக்சரும் றோல்ஸும் நின்றாலே பாதி வேலை முடிந்தது. பிளேன்ரீக்குப் பனங்கட்டி கடித்தால் அது விரதக் கணக்கில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்!

விரதத்தால் முடக்குவாதம் குணமாகும் என்று தங்கை சொல்லியிருக்கக்கூடும். அதற்கு வேர் அவர் இருக்கும் நாட்டிலேயே உண்டு. 1991இல் வெளியான நோர்வே ஆய்வு ஒன்றில் சில நாள் உபவாசத்தோடு தொடங்கி, பிறகு சைவ உணவில் இருந்தவர்களுக்கு நோவும் வீக்கமும் குறைந்தன. ஆனால் உபவாசத்தால் மட்டும் வரும் சுகம், பழையபடி சாப்பிடத் தொடங்கினால் போய்விடும். மருந்தின் இடத்தை அது பிடிக்காது. நிறை குறைப்பதன் லாபம் வேறு: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறையும்.

எனக்குப் பயம் உங்கள் தசையைப் பற்றித்தான். முடக்குவாதமும் ஸ்டீரொய்டும் ஏற்கெனவே தசையைத் தின்கின்றன, பட்டினி அதற்குத் துணை போகும். புட்டைச் சம்பலோடு மட்டும் சாப்பிட்டு எழும்பாமல் ஒரு முட்டையோ அவித்த கடலையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தியானம் சோற்றைக் குறைத்து மீனையும் முருங்கையிலை வறையையும் கூட்டுங்கள். கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். தராசை மட்டும் நம்ப வேண்டாம். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா, தேங்காய்ப் பால் பிழியும் பிடி பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள். நிறை இறங்க இறங்க இவையும் இறங்கினால் விரதத்தை நிறுத்திவிட்டு வாருங்கள். மூட்டுகள் வீங்கிக் கொதிக்கும் நாட்களிலும் விரதம் வேண்டாம்.

கந்தசஷ்டிக்கு மிளகும் தண்ணீரும் மட்டும் என்ற கடும் விரதம் உங்களுக்கு இல்லை. பாலும் பழமும், ஒரு நேரம் சோறும் என்று பிடியுங்கள். காலையில் ஒரு தம்ளர் பால், இரண்டு வாழைப்பழம், பிறகு பிரெட்னிசொலோன். ஹைட்ரொக்சிகுளோரோகுயினை அந்த ஒரு நேரச் சோற்றோடு. அந்த ஆறு நாளில் வரும் ஞாயிற்றுக்கிழமை மெதொட்ரெக்சேட்டை என்ன செய்வது என்று அதற்கு முதல் வரும் கிளினிக்கிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சூரன்போர் பார்க்கப் போகும்போது கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும்.