ஈஸ்டர்: பெயர் யாருடையது, முட்டை எப்படி வந்தது?

கேள்வி: ஈஸ்டர் என்பது பாபிலோனியத் தேவதை இஷ்தாரின் பண்டிகை, முட்டையும் முயலும் அவள் சின்னங்கள் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உண்மையா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: உண்மையில்லை. இரண்டு பெயர்களும் ஒலிப்பதில் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். இஷ்தாருக்கு உரியவை சிங்கமும் எட்டுமுனை நட்சத்திரமும். முட்டையும் முயலும் அல்ல.

'ஈஸ்டர்' ஆங்கிலச் சொல், ஜெர்மனில் 'ஓஸ்டர்ன்'. மற்றப் பல ஐரோப்பிய மொழிகளில் இந்த நாளின் பெயர் 'பாஸ்கா' என்ற சொல்லின் திரிபுதான்: பிரெஞ்சில் பாக், ஸ்பானியத்தில் பாஸ்குவா. நம் கோயில்களில் சொல்லும் பாஸ்காவும் அதுவே. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரயேலர் விடுபட்டதைக் கொண்டாடும் 'பெசாக்' என்ற எபிரேயச் சொல்லில் இருந்து வந்தது. இஷ்தார் கதையைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப். கத்தோலிக்கத் திருச்சபை பாபிலோனிய மதத்தின் தொடர்ச்சி என்று நிறுவுவதற்காகவே அவர் எழுதினார்.

கேள்வி: அப்படியானால் ஈஸ்டருக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் இயோஸ்ட்ரே என்ற ஆங்கிலேயத் தேவதையும் கட்டுக்கதையா? (திருச்சி வாசகர்)

பதில்: அப்படி ஒரேயடியாகத் தள்ள முடியாது. இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட், காலக்கணக்கு பற்றி 725-இல் எழுதிய நூலில், ஏப்ரலை ஒட்டிய மாதத்தை முன்னோர் 'இயோஸ்டுர்மோனத்' என்றார்கள், இயோஸ்ட்ரே என்ற தேவதைக்கு அந்த மாதத்தில் விழா எடுத்தார்கள் என்று குறிப்பிடுகிறார். அந்தத் தேவதையைப் பற்றிப் பழைய நூல்களில் கிடைப்பது இந்த ஒரு குறிப்புதான். உருவம், புராணம், சடங்கு எதையும் அவர் சொல்லவில்லை. ஜெர்மனியின் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1835-இல் இதை வைத்து 'ஓஸ்டாரா' என்ற ஜெர்மானியத் தேவதையை ஊகித்தார். பீட் தாமாகவே பெயரைக் கற்பித்துக்கொண்டார் என்று பலர் நினைத்திருந்த வேளையில், 1958-இல் ஜெர்மனியின் மோர்க்கன்-ஹார்ஃபில் உரோமர் காலத்துக் கல்வெட்டுகள் நூற்றைம்பதுக்கு மேல் கிடைத்தன. 'ஆஸ்ட்ரியாஹேனே' என்ற தாய்த் தெய்வங்களுக்கான நேர்த்திக்கடன் கற்கள் அவை. அதே வேர்ச்சொல் உள்ள தெய்வப் பெயர் நிஜமாக இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று. ஆகவே பெயரளவில் பீட் சொன்னதை நம்பலாம் என்பதே எங்கள் கருத்து.

ஆனால் பெயர் வேறு, பண்டிகை வேறு. ஏறத்தாழ 190-இல் உரோமை ஆயர் விக்டருக்கும் சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) சபைகளுக்கும் பாஸ்காவை எந்த நாளில் கொண்டாடுவது என்று கடுமையான சண்டை நடந்தது. யூத நாட்காட்டியின் நீசான் மாதம் 14-ஆம் நாளில் என்றார்கள் அவர்கள். ஞாயிறுதான் என்றார் இவர். ஆங்கிலேயரை மனந்திருப்ப உரோமைத் துறவி அகுஸ்தீன் கென்ட்டில் வந்திறங்கியது 597-இல். பண்டிகைக்கு அப்போதே நானூறு வயது. ஊரில் வழங்கிய மாதப் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமை என்று சொல்கிறவரெல்லாம் வியாழனைக் கும்பிடுகிறவர் இல்லையே!

பழைய வழிபாட்டைத் திருச்சபை திட்டமிட்டே உள்வாங்கியது என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. 601-இல் திருத்தந்தை கிரகோரி, ஆங்கிலேயரின் கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பீடம் எழுப்புங்கள் என்று எழுதினார். ஆனால் வசந்தகாலத்தை மட்டும் வெளியிலிருந்து வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பாஸ்காவைக் கொண்டாடச் சொல்லும் பழைய ஏற்பாடே அதை 'ஆபிப்' மாதத்தில், அதாவது பார்லி கதிர் பிடிக்கும் பருவத்தில் வைத்திருக்கிறது.

கேள்வி: ஈஸ்டர் தேதியை நாமே கணக்கிட முடியுமா? பௌர்ணமி பார்த்தால் சில ஆண்டுகளில் தப்பாக வருகிறதே? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: முடியும். தப்பு வருவதற்குக் காரணம், திருச்சபை வானத்து நிலவைப் பார்ப்பதில்லை, அட்டவணை நிலவைப் பார்க்கிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் அட்டவணைப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர்.

ஆண்டை 19-ஆல் வகுத்து, மீதியோடு 1 கூட்டுங்கள். வரும் எண்ணுக்கு உரிய பௌர்ணமி (1900 முதல் 2199 வரை பொருந்தும்): 1 ஏப்ரல் 14, 2 ஏப்ரல் 3, 3 மார்ச் 23, 4 ஏப்ரல் 11, 5 மார்ச் 31, 6 ஏப்ரல் 18, 7 ஏப்ரல் 8, 8 மார்ச் 28, 9 ஏப்ரல் 16, 10 ஏப்ரல் 5, 11 மார்ச் 25, 12 ஏப்ரல் 13, 13 ஏப்ரல் 2, 14 மார்ச் 22, 15 ஏப்ரல் 10, 16 மார்ச் 30, 17 ஏப்ரல் 17, 18 ஏப்ரல் 7, 19 மார்ச் 27.

2026-ஐ வகுத்தால் மீதி 12, ஒன்று கூட்டினால் 13. பௌர்ணமி ஏப்ரல் 2, வியாழன். ஈஸ்டர் ஏப்ரல் 5.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பௌர்ணமியே ஞாயிறாக இருந்தால் அன்று ஈஸ்டர் இல்லை, அடுத்த வாரம்தான். 2025-இல் அப்படித்தான்: பௌர்ணமி ஏப்ரல் 13, ஞாயிறு, ஈஸ்டர் ஏப்ரல் 20. உங்களைக் குழப்பியது 2019 ஆக இருக்கலாம். அந்த ஆண்டு மார்ச் 21-இலேயே வானில் பௌர்ணமி வந்துவிட்டது. அட்டவணையோ ஏப்ரல் 18-ஐக் காட்டியது. ஈஸ்டர் ஏப்ரல் 21-க்குத் தள்ளிப்போனது.

கிரேக்க, ரஷ்யச் சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இதைக் கணக்கிடுகின்றன. அவர்களுடைய மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. அவர்களுடைய அட்டவணைப் பௌர்ணமியும் சில நாள் பிந்தி வரும். அதனால்தான் 2027-இல் நமக்கு மார்ச் 28, அவர்களுக்கு மே 2.

இன்னொன்று: இந்தப் பௌர்ணமி பெரும்பாலும் நம் பங்குனியில் விழும். ஏப்ரல் 14-ஐத் தொட்டால் சித்திரை.

கேள்வி: முயல் எங்கிருந்து வந்தது? (தூத்துக்குடி மாணவி)

பதில்: ஜெர்மன் பேசும் நாட்டுப்புறத்திலிருந்து. அல்சாஸ் பகுதியில் காட்டுமுயல் முட்டை ஒளித்துவைக்கும் என்று குழந்தைகளுக்குச் சொல்வதை, மருத்துவர் ஃபிராங்க் ஃபொன் ஃபிராங்கனாவ் 1682-இல் பதிவு செய்திருக்கிறார். அதை இயோஸ்ட்ரேயோடு முடிச்சுப் போட்டது 19-ஆம் நூற்றாண்டு ஊகம். பீட் முயல் பேச்சே எடுக்கவில்லை.

கேள்வி: முட்டைக்குச் சாயமேற்றுவது ஏன்? கடைச் சாயம் இல்லாமல் செய்ய வழி சொல்லுங்கள். (வேளாங்கண்ணி வாசகி)

பதில்: இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க இறைச்சியோடு முட்டைக்கும் விலக்கு. கோழி அதைக் கேட்குமா? பகல் நீளும் அந்தப் பருவத்தில்தான் அதிகமாக இடும். சேர்ந்துபோன முட்டையெல்லாம் உயிர்ப்பு நாளில் மந்திரிக்கப்பட்டு உணவானது. கிரேக்கர்கள் கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிக்கச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள், பெரிய வியாழனன்று.

வீட்டில் செய்ய வெங்காயச் சருகு போதும். பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். வெள்ளை முட்டை பன்னிரண்டை முதலில் சோப்புத் தண்ணீரில் லேசாகக் கழுவுங்கள். ஓட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒரே அடுக்காக அடுக்கி, ஆறிய சாயத்தை முட்டை மூழ்கும்வரை ஊற்றிப் பிறகு அடுப்பை மூட்டுங்கள். குளிர்ந்த முட்டையைக் கொதிக்கும் சாயத்தில் போட்டால் ஓடு வெடித்துவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். இன்னும் அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் சாயத்தோடே ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். வினிகரின் அளவை இதற்கு மேல் கூட்டக் கூடாது; ஓட்டிலுள்ள சுண்ணாம்பு கரைந்து குமிழ் கிளம்பும், சாயமும் உரிந்துவரும்.

லாட்வியாவில் ஒரு வேலைப்பாடு செய்வார்கள். ஈர முட்டையின் மேல் ஒரு சிறிய இலையை, நம் ஊரில் கொத்தமல்லி, நரம்பெல்லாம் படியும்படி ஒட்டி, மெல்லிய வலைத்துணியில் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் வேகவைப்பார்கள். ஆறியபின் அவிழ்த்தால் செம்பழுப்பு ஓட்டில் அந்த இலை மட்டும் வெள்ளையாக, காம்பு வரைக்கும் தெரியும். கட்டு தளர்ந்தால் இலைக்கு அடியில் சாயம் புகுந்து ஓரம் கலங்கிவிடும். சாப்பிடப் போகிற முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.