பல் எடுத்த இடத்தில் எலும்புத் தூள் வேண்டுமா? கேள்வி-பதில்

கேள்வி: மேல் முன்பல்லை எடுத்துவிட்டு எலும்புத் தூள் வைக்கணும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார் டாக்டர். அவசியமா?

பதில்: பின்னாளில் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கும் எண்ணம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பல் போனதும் அதைப் பிடித்திருந்த எலும்பு கரைய ஆரம்பிக்கும், முதல் ஆறு மாதத்தில்தான் வேகம் அதிகம், ஆய்வுகளின் சராசரிப்படி அகலத்தில் மட்டும் 3.8 மி.மீ. வரை போய்விடுகிறது; மேல் முன்பல்லில் உதட்டுப் பக்கச் சுவரோ பலருக்கு 1 மி.மீ.கூட இருக்காது. தூள் வைத்தாலும் தேய்மானம் முழுக்க நிற்காது, குறையும், அவ்வளவுதான். பல்லை எடுக்கும்போதே அந்த மெல்லிய சுவரை உடைத்துவிட்டு எத்தனை விலையுயர்ந்த தூளைக் கொட்டினாலும் பெரிய பலன் இல்லை, அதனால் பொறுமையாக எடுக்கிற கைதான் எனக்கு முக்கியம். வழக்கமாக இம்ப்ளாண்ட் வைக்காத ஞானப்பல் குழிக்கும் தூளை விற்கப் பார்த்தால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: அது மாட்டு எலும்பாமே?

பதில்: பெரும்பாலும் ஆமாம். உயிர்ப்பொருளை நீக்கி, தாது மட்டும் மிஞ்சும்படி சுத்திகரித்தது. தூளின் மேலே மூடும் சவ்வு பன்றியிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செயற்கை கால்சியம் பாஸ்பேட் தூள் இருக்கிறது.

கேள்வி: தூள் வைத்து மூன்று நாள். வாயில் மணல் மாதிரி வருகிறது!

பதில்: ஒன்றிரண்டு குருணை வருவது சகஜம். நாக்கால் துழாவாதீர்கள், ஓங்கிக் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா வேண்டாம், சிகரெட் வேண்டவே வேண்டாம். வலி குறையாமல் ஏறினாலோ, சீழ் வந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: பல் எடுத்துப் பத்து வருஷம் ஆயிற்று. இனி இம்ப்ளாண்ட் வைக்க முடியாதா?

பதில்: முடியலாம். சிடி ஸ்கேன் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

கேள்வி: அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறார். பல் எடுக்கலாமா?

பதில்: எந்த ஊசி, கடைசியாக எப்போது போட்டது, இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்றவற்றில், அபூர்வமாகத்தான் என்றாலும், பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பே அழுகிவிடும் ஆபத்து உண்டு. அதற்காக ஊசியை நீங்களாகவே தள்ளிப்போடாதீர்கள். டெனோசுமாப்பை நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். பல் டாக்டரும் ஊசி போடுகிற டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.