பக்கவாதத்துக்குப் பிறகு சுகர் மருந்து: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாம் நாள். சுகர் 170. வீட்டில் 120-ஐத் தாண்ட விடமாட்டோம். இங்கே யாரும் அலட்டிக்கொள்ளவே இல்லையே?

கவனிக்காமல் விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இந்த நாட்களில் பொதுவாக 140-க்கும் 180-க்கும் நடுவில்தான் வைத்திருப்பார்கள். இன்சுலின் ஏற்றி 80-க்கும் 130-க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தால் சீக்கிரம் தேறுவார்களா என்று அமெரிக்காவில் 1,100-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். ஷைன் என்ற அந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. தேறுவதில் வித்தியாசம் இல்லை, லோ சுகர்தான் கூடியது. 170-ஐப் பார்த்துப் பயப்படுகிற வீட்டார், 60-ஐப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கேள்வி: அம்மாவால் விழுங்க முடியவில்லை, மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறது. மெட்ஃபார்மினைப் பொடித்துக் கரைத்து விடலாமா?

முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். போதாததற்குத் தண்ணீர் பட்டதும் வழவழவென்று கூழாகிக் குழாயையும் அடைக்கும். டாக்டரிடம் சொன்னால் சாதாரண மெட்ஃபார்மினாகவோ திரவ மருந்தாகவோ மாற்றித் தருவார்.

நீங்கள் கேட்காத ஒன்று: இன்சுலின் போட்ட பிறகு குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், உணவு நின்றுவிடும், இன்சுலின் நிற்காது. உடனே நர்ஸிடம் சொல்லி சுகர் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பயோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை மறுபடி ஸ்ட்ரோக் வராமல் தடுக்குமாமே?

ஓரளவு உண்மை. 2016-இல் வந்த ஐரிஸ் ஆய்வில் ஸ்ட்ரோக் அல்லது மாரடைப்பு வந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 9 சதவீதம், எடுக்காதவர்களில் 11.8 சதவீதம். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் சுகர் நோயாளிகள் இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்கள். எடையும் கால் வீக்கமும் எலும்பு முறிவும் கூடின. ஒரு கால் இழுத்து நடக்கிறவர் எப்போது வேண்டுமானாலும் விழலாம், அவருக்கு எலும்பு முறிவு சின்ன விஷயம் இல்லை. இதயச் செயலிழப்பு இருந்தால் இந்த மருந்தே வேண்டாம்.

கேள்வி: வாரம் ஒரு சுகர் ஊசி போட்டால் செயலிழந்த கை பழையபடி வேலை செய்யுமா?

செமாகுளுடைட், டுலாகுளுடைட் வகை ஊசிகள் அடுத்த ஸ்ட்ரோக் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. கையைப் பழையபடி வேலை செய்ய வைக்கும் என்று நிரூபணமாகவில்லை. அதற்குப் பிசியோதெரபிதான். ஊசி பசியையும் குறைக்கும். ஏற்கெனவே அரை வயிறு சாப்பிட்டு இளைத்துப் போனவருக்கு நான் அவசரப்பட மாட்டேன்.

கேள்வி: நேற்று திடீரென்று மறுபடி வாய் குழறியது. சுகர் 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். லோ சுகரில் பழைய பலவீனம் அப்படியே திரும்பி வரும், பார்க்க ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கும். நிஜமாகவே இரண்டாவது ஸ்ட்ரோக்காகவும் இருக்கலாம். வாய் குழறினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வருவதற்குள் சுகர் பாருங்கள். விழுங்கத் தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பேச்சு போனவரால் மயக்கமாக இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. பீட்டா பிளாக்கர் (பிபி, இதய நோய்க்குத் தரும் ஒரு வகை மருந்து) எடுத்தால் படபடப்பும் தெரியாது, வியர்வை மட்டும் தெரியும். அப்புறம், அவர் சாப்பிடும் சுகர் மாத்திரை கிளிபென்கிளமைடா என்று பாருங்கள். அதில் சுகர் ஏறியது போல ஏறி, சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும்.