களைக்கொல்லியும் கடுங்காப்பி நிறச் சிறுநீரும்

கேள்வி: கரும்புத் தோட்டத்தில் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த 2,4-டி களைக்கொல்லியைத் தெரியாமல் இரண்டு வாய் குடித்துவிட்டான் என் தம்பி. வாந்தி நின்றதும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாகத் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கின்றன. வலி ஊசி போட்டோம். சிறுநீர் கடுங்காப்பி போல, கொஞ்சமாகப் போகிறது. உடல்சூடு என்று இளநீர் கொடுக்கிறோம். தொண்டை எரிச்சலும் இருக்கிறது. நுரையீரல் சுருங்கிவிடும் என்று இணையத்தில் பார்த்தோம். சிறுநீரகம் போய்விடுமா?

பதில்: இதைப் படித்ததும் கிளம்புங்கள். டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், களைக்கொல்லியின் லேபிளோடு.

அது உடல்சூடு இல்லை. 2,4-டி தசை செல்களைச் சிதைக்கும். அதிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம்தான் அந்த நிறம். அது சிறுநீரக நுண்குழாய்களை அடைத்துச் சேதப்படுத்தும். சிறுநீர் சோதனைப் பட்டையில் 'ரத்தம்' என்று காட்டும், நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுவே இருக்காது. இதைக் கல்லடைப்பு என்று நினைத்து நாளைக் கடத்துபவர்கள் உண்டு. தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.பி.கே. அளவைக் கேட்டுப் பாருங்கள். வழக்கமாக 200-ஐ ஒட்டி இருப்பது 5,000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு), பொட்டாசியம், ஈ.சி.ஜி. மூன்றும் கூடவே வேண்டும். முதல் நாள் கிரியாட்டினின் சரியாக இருந்தது என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள், அது தாமதமாகத்தான் ஏறும்.

வலி ஊசி போதும், நிறுத்துங்கள். டைக்ளோஃபினாக் வகை மருந்துகள் தவிக்கிற சிறுநீரகத்தை இன்னும் நெரிக்கும். இளநீரும் வேண்டாம். சிறுநீர் குறைந்தவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே குலைக்கும். தசைச் சிதைவால் ஏற்கெனவே பொட்டாசியம் கூடியிருக்கும், அப்புறம் நீங்களும் ஏன் ஊற்ற வேண்டும்?

நுரையீரல் சுருங்குவது பாராகுவாட் என்ற வேறு களைக்கொல்லியின் கதை. லேபிளில் 2,4-டி மட்டும்தான் என்றால் அந்தப் பயத்தை விடுங்கள். தொண்டை எரிச்சல் பெரும்பாலும் தானே ஆறும், விழுங்க முடியாமல் போனால் மட்டும் சொல்லுங்கள்.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. நரம்பு வழியாக நிறைய சலைன், தேவைப்பட்டால் சோடியம் பைகார்பனேட். பைகார்பனேட் சிறுநீரைக் காரத்தன்மை உள்ளதாக்கி 2,4-டி-யையும் வேகமாக வெளியேற்றும். டயாலிசிஸ் என்றதும் ஆயுள் முழுக்க என்று பதறாதீர்கள். இந்த வகைச் சேதத்தில், காலத்தில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டுவிடும். தம்பி ஏற்கெனவே மூன்று நாள் தாமதம்.