எதிர்த்தரப்பை நீங்களே எழுதிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெற்றோர் குழு ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். வகுப்பறையில் கைப்பேசியைத் தடை செய்யக் கோரிப் பள்ளி நிர்வாகக் குழுவிடம் நிலைப்பாட்டு அறிக்கை ஒன்றைத் தர இருக்கிறோம். என் வரைவைப் படித்த நண்பர், “கோபம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை” என்கிறார். வரைவு இப்படித் தொடங்குகிறது: “இன்றைய காலகட்டத்தில் கைப்பேசி மாணவர்களின் எதிர்காலத்தையே சீரழித்து வருகிறது என்பது அனைவரும் அறிந்ததே. எனவே இதற்கு உடனடியாக நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்.” இதில் என்ன குறை?

பதில்: உங்கள் அக்கறையில் குறை ஏதும் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்கள் அந்த அக்கறையை வாசிப்பவரிடம் கொண்டு சேர்க்கவில்லை, அவ்வளவுதான். “அனைவரும் அறிந்ததே” என்ற தொடரை முதலில் எடுத்துவிடுங்கள். அனைவரும் அறிந்திருந்தால் இந்த அறிக்கைக்கே தேவை இருந்திராது. அதை அறியாதவரும் அறிந்தும் ஏற்காதவரும் நிர்வாகக் குழுவில் இருப்பதால்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். ஏற்காத ஒருவர் அந்தத் தொடரைப் படித்தவுடன், தம்மை அறியாதவர் பட்டியலில் சேர்த்துவிட்டதாக உணர்ந்து, அடுத்த வரியைச் சந்தேகத்தோடுதான் படிப்பார். இரண்டாம் வாக்கியத்தில் “நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்” என்கிறீர்கள். யார் எடுக்க வேண்டும், எந்த நடவடிக்கை, எந்த வகுப்புகளுக்கு, எப்போதிலிருந்து என்ற எதுவும் அதில் இல்லை. குழு நாளைக்கே உங்கள் கோரிக்கையை ஏற்க விரும்பினாலும், எதை ஏற்பது என்று அதற்குத் தெரியாது.

இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “வரும் கல்வியாண்டு முதல், 6 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களின் கைப்பேசிகளைக் காலையில் பள்ளியே பெற்று வைத்திருந்து, மாலையில் திருப்பித் தர வேண்டும் என்று இக்குழு கோருகிறது. மருத்துவக் காரணத்துக்காகக் கைப்பேசி தேவைப்படும் மாணவர்களுக்கு விலக்கு அளிக்கலாம்.” இதில் ஆவேசம் குறைவு, ஆனால் வாக்கெடுப்புக்கு விடக்கூடிய தீர்மானம் ஒன்று இருக்கிறது. விலக்கைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், உடலில் பொருத்திய உணரி வழியாகத் தம் சர்க்கரை அளவைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் மாணவரைப் பற்றிக் குழுவில் எழக்கூடிய கேள்விக்கும் முன்பே விடை கிடைத்துவிடுகிறது.

அடுத்தது சான்று. பலர் சறுக்குவது இங்கேதான். பிரான்ஸ் 2018ஆம் ஆண்டு சட்டம் இயற்றித் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடை செய்தது. இச்செய்தியை நீங்கள் தாராளமாகக் குறிப்பிடலாம். ஆனால் இது எதற்குச் சான்று என்பதில் தெளிவு வேண்டும். நாடு முழுவதற்குமான ஒரு தடையைச் சட்டமாகக் கொண்டுவர முடியும் என்பதற்கு இது சான்று. தடையால் மாணவர்களின் கற்றல் மேம்பட்டது என்பதற்கு இது சான்றாகாது. அதற்குத் தடைக்கு முன்னும் பின்னும் மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வு வேண்டும். அல்லது, உங்கள் பள்ளி ஆசிரியர்களே இரண்டு வாரம் குறித்து வைத்த பதிவு வேண்டும்: ஒரு பாடவேளையில் கைப்பேசியால் எத்தனை முறை பாடம் தடைபட்டது என்ற எளிய கணக்கு. வெளிநாட்டுச் சட்டத்தைவிட இந்தக் கணக்கு குழுவின் மனத்தை எளிதில் மாற்றும் என்பது என் கருத்து. ஏனெனில் அது அவர்கள் தீர்மானிக்க வேண்டிய இடத்திலிருந்தே வருகிறது.

வாதத்தின் அமைப்பை ஆராய்ந்த ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958இல் ஒரு பகுப்பை முன்வைத்தார். நாம் நிலைநாட்ட விரும்பும் கூற்று ஒன்று, அதற்கு ஆதாரமான தகவல் ஒன்று, அந்தத் தகவலிலிருந்து இந்தக் கூற்றுக்கு வருவது நியாயம்தான் என்று காட்டும் இணைப்பு ஒன்று. முதல் இரண்டையும் எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது எழுதுபவரின் மனத்திலேயே தங்கிவிடுகிறது. “ஒரு பாடவேளையில் நான்கு முறை பாடம் தடைபடுகிறது, ஆகவே தடை வேண்டும்” என்றால், எதிரில் இருப்பவர் “ஆசிரியர் கண்டிப்பாக இருந்தால் போதாதா?” என்று கேட்பார். கண்டிப்பதற்காகப் பாடத்தை நிறுத்துவதும் ஒரு தடங்கல்தான். கைப்பேசி வகுப்புக்குள் வராமல் இருந்தால்தான் அந்தத் தடங்கல் இல்லாமல் போகும் என்று நீங்கள் எழுதினால், அதுதான் அந்த இணைப்பு.

கேள்வி: எதிர்த்தரப்பின் வாதங்களை அறிக்கையில் குறிப்பிட்டால் நம் தரப்பு பலவீனமாகிவிடாதா? நாமே ஏன் அவர்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும்?

பதில்: இக்கேள்வியைக் கேட்காத மாணவர் இல்லை. தமிழ் மரபு இதற்கு நெடுநாள் முன்பே விடை சொல்லியிருக்கிறது. நூலாசிரியர் ஒருவர் பிறர் கொள்கையை எதிர்கொள்ளும் முறைகளைப் பவணந்தி முனிவர் நன்னூலில் எழுவகை மதம் என்று தொகுத்திருக்கிறார்; மதம் என்றால் இங்கே கொள்கை. உடன்படுதலும் மறுத்தலும் அதில் முதல் இரண்டு. மூன்றாவதாக அவர் வைப்பது “பிறர்தம் மதமேற்கொண்டு களைவு”, அதாவது பிறர் கொள்கையை முதலில் ஏற்று, பிறகு அதைக் களைதல். தன் கருத்தை நாட்டி நிலைநிறுத்துவது அதற்கடுத்து நான்காவதாகத்தான் வருகிறது. சைவ சித்தாந்த நூல்களில் பிறர் கொள்கையைப் பரபக்கம் என்று தனியே எடுத்துச் சொல்லி மறுத்த பின்னரே சுபக்கத்துக்கு, அதாவது தம் கொள்கைக்கு, வருவதும் இந்த ஒழுங்கில்தான்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தின் வாசிப்பு நேரத்தை இரவிலும் நீட்டிக்கக் கோரி ஓர் அறிக்கை எழுதினேன். எதிர்ப்பவர்களின் வாதமாக நான் எழுதியது “சிலர் இது தேவையற்றது என்கின்றனர்” என்ற ஒற்றை வரி. அதை மறுப்பது எளிதாக இருந்தது. கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, “இரவுப் பணிக்கு வரும் ஊழியர் பத்து மணிக்கு மேல் எப்படி வீடு திரும்புவார்?” என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்த ஒரு கேள்வியில் பன்னிரண்டு பக்க அறிக்கையும் பயனற்றுப் போயிற்று. உண்மையில் அவர் எனக்கு எதிரி அல்லர். அந்த ஊழியரைப் பற்றி நான் யோசித்திருந்தால் என்னோடு சேர்ந்து வாக்களித்திருப்பார்.

ஆகவே எதிர்த்தரப்பை எழுதும்போது, அத்தரப்பைச் சேர்ந்த ஒருவர் படித்துவிட்டு “ஆம், நாங்கள் சொல்வது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். கைப்பேசித் தடையையே எடுத்துக்கொண்டால், “சில பெற்றோர் எதிர்க்கலாம்” என்பது போதாது. “அவசர நேரத்தில் பிள்ளையைத் தொடர்புகொள்ள வழியில்லாமல் போகும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர், அந்த அச்சம் நியாயமானது” என்று எழுதிவிட்டு, அலுவலகத் தொலைபேசி வழியாகச் செய்தி எத்தனை நிமிடங்களில் வகுப்புக்குச் சென்று சேரும் என்பதைப் பள்ளியிடம் கேட்டு உறுதி செய்து அதே பத்தியில் சேர்க்க வேண்டும். மறுக்க முடியாத வாதம் வந்தால் ஒப்புக்கொண்டு, உங்கள் கோரிக்கையைத் திருத்துங்கள். மேலே சொன்ன மருத்துவ விலக்கு அப்படிப் பிறந்ததுதான்.

கேள்வி: மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக விவாதிக்கும் மாதிரி ஐ.நா. அவை அமர்வு ஒன்றில் எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் நாட்டின் கொள்கையோடு எனக்கு உடன்பாடில்லை. நிலைப்பாட்டு அறிக்கையில் என் கருத்தை எழுதலாமா?

பதில்: கூடாது. அங்கே நீங்கள் அந்நாட்டின் பிரதிநிதி. அந்நாடு எந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கிறது, பொதுச்சபையில் அப்பொருள் குறித்து எப்படி வாக்களித்திருக்கிறது என்பவற்றைப் பார்த்து, அவற்றோடு முரண்படாத தீர்வுகளை முன்வையுங்கள். உடன்பாடில்லாத தரப்பை நேர்மையாக எழுதிப் பழகுவது, முந்தைய கேள்விக்கான பயிற்சியாகவும் அமையும்.

கேள்வி: இத்தகைய அறிக்கையில் உணர்ச்சிக்கு இடமே இல்லையா?

பதில்: உண்டு. கேட்பவரை இணங்க வைப்பவை என்று அரிஸ்டாட்டில் மூன்றைக் குறிப்பிட்டார்: பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தருக்கம். ஆனால் “சீரழிவு”, “பேரவலம்” போன்ற சொற்களால் உணர்ச்சி பிறப்பதில்லை. கடைசி வரிசை மாணவி ஒருத்தி மேசைக்கடியில் ஒளிரும் திரையையும் கரும்பலகையையும் மாறி மாறிப் பார்த்து, கணக்கின் மூன்றாம் படியைத் தவறவிட்டு, அதன் பிறகு பாடவேளை முடியும் வரை எதுவும் எழுதாமல் அமர்ந்திருந்ததை ஆசிரியர் ஒருவர் உங்களிடம் சொல்லியிருந்தால், பெயரைத் தவிர்த்துவிட்டு அதை அப்படியே எழுதுங்கள். ஓர் அறிக்கைக்கு இப்படி ஒரு காட்சி போதும். அதைக் கோரிக்கைக்கு முன்னால் வைக்காமல், ஆசிரியர்களின் பதிவுக் கணக்குக்கு அடுத்து வையுங்கள். அங்கே அந்தக் காட்சியும் கணக்கும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.