ஒரே குடும்பத்து ஆட்களின் பெயரை வைத்த போர்க்கப்பல் ஏதாவது இருக்கிறதா? அதன் கதை என்ன?

இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் 'தி சல்லிவன்ஸ்'. இரண்டாம் உலகப்போரில் ஒரே கப்பலில் வேலை பார்த்து அதோடேயே போய்விட்ட ஐந்து அண்ணன் தம்பிகளின் பெயர் அது. இதை எல்லோரும் தியாகக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இதில் கொஞ்சம் கோபமும் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்ற ஊர். அப்பா தாமஸுக்கு ரயில்வேயில் வேலை. பிள்ளைகள் ஜார்ஜ், ஃபிராங்க், ஜோ, மேட், ஆல். மூத்தவர்கள் இருவரும் ஏற்கெனவே கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதலில் இவர்களுக்குப் பழக்கமான ஒரு பையன் அரிசோனா கப்பலில் இறந்துபோக, ஐந்து பேரும் கிளம்பிவிட்டார்கள். ஒரே நிபந்தனை, எங்களைப் பிரிக்கக் கூடாது, ஒரே கப்பலில்தான் போட வேண்டும் என்பது. 1942 ஜனவரி 3 அன்று சேர்ந்தார்கள். கடைக்குட்டி ஆலுக்கு அப்போதே கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை வேறு. கடற்படையும் சரி என்று ஐவரையும் 'ஜூனோ' என்ற குரூசர் வகைப் போர்க்கப்பலில் ஏற்றிவிட்டது.

அந்த ஆண்டு நவம்பர் 13 அதிகாலை இருட்டில் பசிபிக்கில் குவாடல்கனால் தீவுக்கு அருகே ஜப்பானியரோடு நடந்த சண்டையில் ஜூனோ ஒரு டார்பிடோ (தண்ணீருக்குள் பாய்ந்து வந்து வெடிக்கும் குண்டு) வாங்கியது. மூழ்கவில்லை. மிச்சமிருந்த கப்பல்களோடு தட்டுத்தடுமாறித் திரும்பிக்கொண்டிருந்தபோது, முற்பகலில், ஐ-26 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி வேறொரு கப்பலைக் குறிவைத்து விட்ட டார்பிடோ இதன்மீது பட்டு வெடித்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கப்பலே இல்லை.

என் கோபம் இதற்கு அப்புறம் நடந்தவற்றின் மீதுதான். நீர்மூழ்கி பக்கத்திலேயே இருக்கும்போது அடிபட்ட மற்ற கப்பல்கள் நின்று ஆள் தேட முடியாது, அந்த வெடிப்பைப் பார்த்த யாரும் ஒருவராவது பிழைத்திருப்பார் என்று நினைத்திருக்கவும் மாட்டார்கள், அதுவரை புரிகிறது. ஆனால் சுமார் 100 பேர் உயிரோடு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார்கள். போய்விட்ட கப்பல்களிலிருந்து, மேலே பறந்த ஒரு விமானத்துக்கு விளக்கு சமிக்ஞையில் தகவல் சொல்லப்பட்டது. அந்தத் தகவல் காகிதக் கட்டுகளுக்குள் சிக்கி, போக வேண்டிய இடத்துக்கு நேரத்தில் போகவில்லை. வெயில், காயம், தாகம், சுறா. 8 நாள் கழித்துக் கடலிலிருந்து உயிரோடு தூக்கியது 10 பேரை மட்டும்தான். இறந்தவர்கள் 687 பேர். ஜார்ஜ் மட்டும் சில நாள் உயிரோடு இருந்தார், தம்பிகளைப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டே இருந்தார், கடைசியில் தெப்பத்தை விட்டுத் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டார் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை இல்லை. கடிதம் வருவது நின்றுவிட்டது, ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது, அம்மா அலீட்டா 1943 ஜனவரியில் தானே கடற்படைக்கு எழுதிக் கேட்கிறார், ஐந்து பேரும் போய்விட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று. ஜனவரி 12 காலை சீருடையில் மூன்று பேர் வந்தார்கள். தாமஸ் கேட்டது, எந்தப் பையன் என்று. ஐந்து பேருமே என்றார்கள். அன்றைக்கும் அவர் ரயில் வேலைக்குப் போனார் என்பார்கள். அலீட்டா ஏற்கெனவே 'டவாசா' என்ற இழுவைக் கப்பலுக்குப் பெயர்சூட்ட வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார், சொன்னபடி பிப்ரவரியில் போய் அதையும் செய்துவிட்டு வந்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் 'புட்னம்' என்ற பெயரில் ஒரு நாசகாரிக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிளெட்சர் வகை, அந்த வகையில் மட்டும் 175 கட்டினார்கள். பிப்ரவரி 6 அன்று அதன் பெயரை 'தி சல்லிவன்ஸ்' என்று மாற்றினார்கள். ஏப்ரல் 4 அன்று அலீட்டாவே அதைக் கடலில் இறக்கினார். செப்டம்பர் 30 முதல் பணி. ஐரிஷ் குடும்பம் என்பதால் புகைபோக்கியில் பச்சை மூவிலை வரைந்தார்கள். இதற்கிடையில் தாயும் தகப்பனும் ஊர் ஊராகத் தொழிற்சாலைகளுக்குப் போய்ப் போர்ப் பத்திரம் வாங்கச் சொல்லிப் பேசினார்கள். அதைத் துக்கத்துக்கு ஒரு வடிகால் என்பதா, அரசாங்கம் பயன்படுத்திக்கொண்டது என்பதா, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இந்தப் புதுக் கப்பலின் ராசி ஜூனோவுக்கு நேர் எதிர். மார்ஷல் தீவுகள், டிரக், மரியானா, பிலிப்பைன்ஸ், ஒகினாவா என்று பசிபிக் முழுக்கச் சுற்றியது. 1944 டிசம்பர் புயலில் இதைப் போன்ற மூன்று நாசகாரிகள் கவிழ்ந்து மூழ்கின, இதற்குப் பெரிய சேதம் இல்லை. எதிரி தாக்குதலில் ஆளை இழக்காமல் போரை முடித்த கப்பல் என்று பெயர். சண்டைகளில் பங்கேற்றதற்காகத் தரும் போர் நட்சத்திரங்கள் 9, பிறகு கொரியப் போரில் 2. எனக்கு அவற்றைவிட 1945 மே 11 முக்கியம். அன்று தற்கொலை விமானங்கள் மோதி பங்கர் ஹில் விமானந்தாங்கி பற்றி எரிய, கடலில் விழுந்தும் குதித்தும் கிடந்தவர்களில் 166 பேரை இது அள்ளி ஏற்றியது. ஜூனோ ஆட்களுக்கு யாரும் செய்யாததை அவர்கள் பெயரிலுள்ள கப்பல் செய்தது.

1962 கியூபா முற்றுகையிலும் இருந்தது. ஆலின் மகனும் வளர்ந்து இதே கப்பலில் பணியாற்றினார். 1965 இல் ஓய்வு, 1977 முதல் நியூயார்க் மாநிலத்து பஃபலோவில் காட்சிக் கப்பல். 2022 ஏப்ரலில் அடித்தட்டு ஓட்டையாகி நின்ற இடத்திலேயே சாய்ந்து பாதி மூழ்கி, அப்புறம் தண்ணீரை இறைத்து நிமிர்த்தினார்கள். டொரன்டோ பக்கத்திலிருந்து நயாகராவுக்கு வருகிறவர்களுக்கு இது அதிக தூரமில்லை.

1997 இல் அதே பெயரில் இரண்டாவது நாசகாரி வந்தது. அதுவும் ராசிக்காரக் கப்பல். 2000 ஜனவரியில் ஏமன் நாட்டு ஏடன் துறைமுகத்தில் அல் காய்தா இதை வெடிக்க வைக்கப் பார்த்தது, ஏற்றிய வெடிமருந்தின் பாரம் தாங்காமல் அவர்களுடைய படகே அமிழ்ந்துவிட்டது. அதே ஏடனில் அக்டோபரில் இன்னொரு அமெரிக்க நாசகாரியான 'கோல்' அதே மாதிரித் தாக்குதலில் மாட்டியது, 17 பேர் இறந்தார்கள். ஜூனோவின் சிதைவு 2018 மார்ச் 17 அன்று, ஏறத்தாழ 4,200 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது.

கடைசியாக, இந்தச் சம்பவத்துக்குப் பிறகு சகோதரர்கள் ஒரே கப்பலில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள் என்று பலர் எழுதுவார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. 1948 இல் வந்தது, குடும்பத்தில் மிஞ்சிய ஒரே பிள்ளையைக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விடுவிக்கும் விதி. அதுவும் கேட்டால்தான். தானாக விரும்பிப் போகிறவனை அது தடுக்காது.