லங்காவிக் கூழாங்கல்லும் உறைந்த பூமியும்

அன்புள்ள ஐயா,

பூமி ஒரு காலத்தில் பூமத்திய ரேகை வரை உறைந்து கிடந்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சில சந்தேகங்கள். கைப்பேசியில் ‘மழை இல்லை’ என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால் தொப்பலாக நனைந்து வீடு திரும்புகிறேன். நாளைய மழையையே சொல்லத் தெரியாத கணினி, எழுநூறு மில்லியன் ஆண்டுக்கு முந்தைய பனி எப்படித் தொடங்கியது என்று சொன்னால் நம்பலாமா? அப்புறம், லங்காவியில் படகுக்காரர் ஒருவர் பாறைக்குள் பதிந்திருந்த கூழாங்கற்களைக் காட்டி, பனிக்கட்டி கொண்டுவந்து போட்டவை என்றார். நீங்கள் சொல்லும் பனிதானா அது? கடைசியாக, அந்தக் காலத்தில் சூரியன் மங்கலாக இருந்ததாமே. அதனால் உறைந்தது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

அன்புடன்,
ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

படகுக்காரர் சொன்னது சரிதான். ஆனால் அது வேறு பனி. லங்காவியின் சிங்கா பாறையடுக்குக்கு வயது ஏறக்குறைய 300 மில்லியன் ஆண்டுகள். கடலில் மிதந்து வந்த பனிப்பாறைகள் உருகியபோது, அவற்றுக்குள் சிக்கியிருந்த கற்கள் அடியிலிருந்த சேற்றில் விழுந்தன. அடுத்த முறை போனால் கல்லை மட்டும் பார்க்காமல் அதன் அடிப்பக்கத்தையும் பாருங்கள். நல்ல கல்லாக அமைந்தால், அது விழுந்த வேகத்தில் கீழேயிருந்த சேற்று வரிகள் அமுங்கி வளைந்திருப்பது தெரியும். மேலே படிந்த வரிகள் அமைதியாக அதைப் போர்த்திக்கொண்டு போகும். ஆறு உருட்டி வந்த கல்லில் இந்த அடையாளம் இருக்காது.

ஆனால் அன்றைக்கு லங்காவி இந்த இடத்திலேயே இல்லை. கோண்டுவானா என்ற தென்கண்டத்தின் ஓரத்தில், ஆஸ்திரேலியாவை ஒட்டிக் குளிர்கடலில் இருந்தது. பிறகுதான் பிய்த்துக்கொண்டு வடக்கே வந்தது. குளிர்தேசத்தில் பனி இருந்ததில் வியப்பு ஒன்றும் இல்லை.

வியப்பு தெற்கு ஆஸ்திரேலியாவின் எலட்டினா பாறைகளில் இருக்கிறது. அவையும் பனி விட்டுச்சென்ற படிவுகள்தான், வயது 635 மில்லியன் ஆண்டுக்குச் சற்று மேல். சேறு படியும்போது அதிலுள்ள காந்தத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். துருவத்துக்குப் பக்கத்தில் என்றால் செங்குத்தாக, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் என்றால் படுத்த வாக்கில். பினாங்கில் ஒரு காந்த ஊசியை நடுவில் தொங்கவிட்டால் ஏறக்குறைய தட்டையாகத்தான் நிற்கும். எலட்டினாவின் துகள்களும் அப்படியே படுத்துக் கிடக்கின்றன. அதாவது நம்மைப் போல வெப்பமண்டலத்தில், கடல்மட்டத்தில் பனி இருந்திருக்கிறது. வெப்பமண்டலத்தில் பனி இருந்தது என்பதைப் புவியியலாளர் பிரையன் ஹார்லண்ட் 1964-லேயே சொல்லிவிட்டார். ஆக, பனி இருந்தது என்று சொல்வது பாறை. கணினியிடம் நாம் கேட்பது, அது எப்படித் தொடங்கியிருக்க முடியும் என்பதை மட்டும்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி. நாளை மூன்று மணிக்கு மழையா என்பது வானிலை. ஏப்ரலிலும் நவம்பரிலும் கோலாலம்பூர் அதிகம் நனையும் என்பது காலநிலை. முதலாவதில் கோட்டைவிடும் கணக்கு இரண்டாவதிலும் தோற்க வேண்டும் என்பதில்லை. இந்த விஷயத்தில் முதல் கணக்குகளுக்குப் பெரிய கணினிகூடத் தேவைப்படவில்லை. 1969-இல் லெனின்கிராடில் புதிக்கோ, அமெரிக்காவில் செல்லர்ஸ் என்ற இரு காலநிலை ஆய்வாளர்கள் தனித்தனியே போட்ட கணக்கு, வரும் வெயில், திரும்பிப் போகும் வெப்பம், இரண்டுக்குமான வரவுசெலவு மட்டும்தான். திறந்த கடல் தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. புதுப்பனி எட்டுப் பங்குக்கு மேல் திருப்பிவிடும். பனி பரவினால் பூமி குளிரும், குளிர்ந்தால் பனி இன்னும் பரவும். எளிய மாதிரிகள் பலவற்றில், பனி 30 டிகிரி அட்சரேகைப் பக்கம் வந்துவிட்டால் அப்புறம் நிற்காது. 30 டிகிரி வடக்குக்கும் தெற்குக்கும் இடையில்தான் பூமிப்பரப்பில் சரிபாதி இருக்கிறது. பனி அங்கே வரும்போது மறுபாதி ஏற்கெனவே வெள்ளையாகிவிட்டது.

இப்படி உறைந்த பூமி மீளவே முடியாது என்று தோன்றியதால், அப்படி ஒன்று நடந்திருக்காது என்று பலர் இருந்துவிட்டார்கள். 1992-இல் அமெரிக்கப் புவியியலாளர் ஜோசப் கிர்ஷ்விங்க் வழி சொன்னார்: பனிக்கு அடியிலும் எரிமலை ஓயாது, அது விடும் கரியமில வாயுவைக் கழுவ மழை இருக்காது, வாயு சேர்ந்து சேர்ந்து ஒருநாள் பனி உருகும்.

தொடக்கம்தான் சிக்கல். ஏனென்றால் பூமியிடம் ஒரு தற்காப்பு இருக்கிறது. மழை கரியமில வாயுவோடு சேர்ந்து பாறையை அரிக்கிறது, ஆறு அந்தக் கரைசலைக் கடலுக்குக் கொண்டுபோகிறது, அங்கே அது சுண்ணாம்புப் பாறையாகிறது. பத்துமலை அப்படி அடைபட்ட வாயுதான் (படியேறி மூச்சு வாங்கும்போது யாருக்கும் இது நினைவுக்கு வராது). குளிர்ந்தால் இந்த அரிப்பு மந்தமாகி, வாயு மறுபடி சேர வேண்டும். அப்படியிருந்தும் 717 மில்லியன் ஆண்டுக்கு முன் இந்தத் தற்காப்பு தோற்று, முதல் பனி வந்தது. எலட்டினாவில் பார்த்தது அதற்கு அடுத்த பனி.

சூரியன்மேல் பழி போட முடியாது. அன்று அது இன்றைவிட சுமார் 6 விழுக்காடு மங்கல், உண்மைதான். ஆனால் அதற்கு முன் இன்னும் மங்கலாக இருந்தது. அந்த நிலையிலும் ஏறக்குறைய ஆயிரம் மில்லியன் ஆண்டுகள் பெரிய பனி எதுவும் வரவில்லை. மங்கல் சூரியன் பூமியை விளிம்புக்குக் கொண்டுவந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். தள்ளியது வேறு.

யார் தள்ளியது? ரோடினியா என்ற பெருங்கண்டம் வெப்பமண்டலத்தில் உடைந்துகொண்டிருந்தது. உள்நாட்டு வறண்ட நிலங்களுக்கெல்லாம் கடல்மழை எட்டியது. 2004-இல் பிரெஞ்சு ஆய்வாளர் யானிக் டோனாடியூவின் குழு இதை மாதிரியில் ஓட்டிப் பார்த்தபோது, கூடிய அரிப்பால் காற்றிலிருந்த கரியமில வாயு மில்லியனுக்குச் சுமார் 1,300 பங்கு குறைந்தது. இதோடு, இன்று கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இருக்கும் பிராங்க்ளின் எரிமலைக் குழம்பு அன்று பூமத்திய ரேகைக்கு அருகே கொட்டிக் கிடந்தது. அந்தக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் வேகமாக அரிபடும் பாறை. அந்த எரிமலைகள் கக்கிய கந்தகம் வெயிலை மறைத்தது என்று 2017-இல் ஒரு கருத்து வந்தது. ஆனால் கந்தகத் தூசி சில ஆண்டுகளில் இறங்கிவிடும். பாறைகளின் வயதைப் பார்த்தால் பெரும் வெடிப்புக்கும் பனிக்கும் நடுவே ஒரு மில்லியன் ஆண்டாவது இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி அரிப்புக்குத்தான் பொருந்துகிறது. விண்கல் என்றும் 2024-இல் ஒரு மாதிரி சொன்னது. பூமி ஏற்கெனவே நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் அந்தக் கணக்கே எடுபடுகிறது. அந்த வயதில் பொருத்தமான பள்ளத்தையும் யாரும் காட்டவில்லை. இதை நான் ஓரமாக வைத்திருக்கிறேன்.

என் ஓட்டு 2024-இல் சிட்னி பல்கலைக்கழகக் குழு சொன்னதற்கு. கடலடி எரிமலைகள் வாயு விடுவது அப்போது குறைந்திருந்தது, கூடவே கனடாவில் பசால்ட் அரிபட்டது, இரண்டும் சேர்ந்து கரியமில வாயுவை மில்லியனுக்கு 200 பங்குக்கும் கீழே இறக்கின என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், தொடக்கத்தோடு இன்னொரு முடிச்சையும் இது அவிழ்க்கிறது. முதல் பனி ஏறக்குறைய 57 மில்லியன் ஆண்டு நீடித்தது. அடுத்து வந்த பனி அதைவிட மிகக் குறைந்த காலத்தில் முடிந்துவிட்டது. எரிமலைகள் வழக்கம்போல வாயு விட்டிருந்தால் முதல் பனியும் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்காது.